வடம்பிடித் தெருவின் பதினேழு உலைகள்

ஒல்லாந்துறையில் ஒரு தெரு திரும்பி வந்த அன்று, அதை முதலில் அறிந்தவை சந்தியாகுவின் கால்கள்தான். பூட்டுப் பாலத்தில் இறங்கிக் கால்வாய்க் கரையோடு போனால் வெற்றிலைப் பாலத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு எட்டு, மழைக்காலத்தில் சேற்றைச் சுற்றிப் போனால் இன்னும் ஐந்தாறு கூடும், அவ்வளவுதான். மனசு எண்ண மறந்தாலும் கால் மறக்காது. அன்றைக்கு, தை மாதத்துச் சனிக்கிழமைக் காலையில், இருநூற்றுப் பன்னிரண்டாவது எட்டு வைத்தபோது வெற்றிலைப் பாலம் வரவில்லை. இன்னும் நடந்தார். நானூற்று நாலாவது எட்டில்தான் பாலத்தின் முதல் படி காலில் இடறியது. அதற்குப் பிறகே அவர் திரும்பிப் பார்த்தார்.

சந்தியாகுவுக்கு அறுபத்து நாலு வயது. நகராட்சியில் நில அளவைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகு, சனி ஞாயிறு காலைகளில் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஊரை நடந்து காட்டுவார், அதனால் 'நடை வாத்தியார்' என்று பேர். ஒல்லாந்துக்காரன் வந்து வெட்டிய ஏழு கால்வாய், அவன் போன பிறகு நம்மவர்கள் கட்டிய பத்தொன்பது பாலம், இவ்வளவுதான் ஊர். ஆனால் நடக்கத் தெரிந்தவனுக்கு அது தீராது. பேட்டைத் தெரு ரொட்டிக்கடை அடுப்பு திறக்கிற நேரத்துக்கு அங்கே போய் நிற்கவேண்டும், அந்த வாசனையோடே மூன்றாம் பாலத்தின் அடியில் குனிந்து போய் ஒருதரம் செருமிப் பார்க்கவேண்டும், பாலம் திருப்பிச் செருமும். சுங்கச்சாவடி வளைவில் வெயில் தண்ணீரில் பட்டு எதிர்வீட்டு மச்சில் நெளிகிற ஏழேகால் மணிக்கு எல்லோரும் பேச்சை நிறுத்தி அண்ணாந்து பார்க்கவேண்டும். பிறகு எங்கே போகிறோம் என்று தெரியாமல் ஒரு சந்தில் நுழைந்து, இனி வழியில்லை என்று நினைக்கிற இடத்தில் சட்டென்று தண்ணீரும் வானமும் திறந்துகொள்ள, 'அட, தொடங்கின இடத்துக்கே வந்துட்டோமே' என்று யாராவது ஒருவர் குழந்தைபோலச் சிரிக்கவேண்டும். அந்தச் சிரிப்புக்காகத்தான் சந்தியாகு நடந்தார். "காரில் வந்தா இது ஒரு ஊர், நடந்து வந்தா ஏழு ஊர்" என்பார்.

திரும்பிப் பார்த்தவரின் கண்ணில் பதினேழு வீடுகள் பட்டன. ஐஸ் ஃபேக்டரிக்கும் மரைக்காயர் அரிசிக் கிடங்குக்கும் நடுவே, தண்ணீரைப் பார்த்த முகமாக, ஒரே வரிசையாய், ஓலைக் கூரையும் மண் சுவருமாக நின்றன. ஐஸ் ஃபேக்டரிக்கும் கிடங்குக்கும் பொதுவாக ஒரே ஒரு சுவர்தான் உண்டு, அந்தச் சுவர் யாருடையது என்று பதினோரு வருஷமாகக் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. அந்தச் சுவர் இப்போதும் பொதுவாகவே இருந்தது, இரண்டு கட்டடமும் அதில் ஒட்டியபடியே இருந்தன, நடுவில் தெருவும் இருந்தது. எப்படி என்று கேட்டால் அப்படித்தான். ஒவ்வொரு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. ஒவ்வொரு அடுப்பிலும் உலை கொதித்தது. ஆள் மட்டும் ஒருவரும் இல்லை.

சந்தியாகு மூன்றாவது வீட்டு வாசலில் நின்றார். அந்த வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டது அவர் நெற்றிக்கு நினைவிருந்தது. உள்ளே போகாமல், யாரோ கூப்பிட்டதுபோல விடுவிடுவென்று வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்தினார்.

"பிரகாசி" என்றார் மனைவியிடம், "வடம்பிடித் தெரு வந்துடுச்சு."

பிரகாசி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "அது கெடக்கட்டும். நம்ம அம்மிய காணோம். நேத்து சாயங்காலம்கூட அரைச்சேன். யாரு தூக்கிட்டுப் போவா அத?"

தெரு வந்ததை ஊர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதல் நாள் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள், இரண்டாம் நாள் பார்க்காதவர்கள் போய்ப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் குறுக்கு வழியாக்கினார்கள், அது குறுக்கே போகாமல் நீளமாகப் போகிற வழி என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார், அங்காளம்மன் கோயில் பூசாரி பூசணிக்காய் உடைத்தார், பள்ளிவாசல் இமாம் வந்து வரிசை முழுக்க நடந்து பார்த்துவிட்டு, "வந்தது வந்ததா இருக்கட்டும், அதுல இருக்கிற ஒரு சாமானையும் யாரும் தொடாதீங்க" என்று மட்டும் சொன்னார். மின்வாரியக்காரர் மீட்டர் தேடி, இல்லாததால், ஒவ்வொரு கதவிலும் ஒரு நோட்டீஸ் ஒட்டிப் போனார். கல்யாணப் போட்டோக்காரர்கள் ஜோடிகளைக் கொண்டுவந்து புகைக்கு முன்னால் நிறுத்தினார்கள். பார்சல் கொண்டுவருகிற பையன்கள் போனிலிருக்கும் வரைபடத்தில் இந்தத் தெரு இல்லாததால் பூட்டுப் பாலத்திலேயே நின்றுகொண்டு சத்தம் போட்டார்கள். அடுப்புகள் அணையவில்லை, விறகு தீரவில்லை, உலையில் சோறு கொதித்துக்கொண்டே இருந்தது, வெந்து முடியவும் இல்லை, பொங்கி வழியவும் இல்லை. மூன்றாவது வாரத்தில், அந்தப் பக்கம் குப்பை வண்டி சரியாக வருவதில்லை என்று வார்டு கூட்டத்தில் ஒருவர் புகார் சொன்னார். அதோடு அது ஊரில் ஒரு தெருவாகிவிட்டது.

ஆனால் ஊரார் ஒருவருக்கொருவர் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. பிரகாசியின் அம்மி மட்டும் காணாமல் போகவில்லை. தெரு வந்த அதே காலையில், பூட்டுப் பாலத்து டீக்கடையில் சேகு நயினாவின் பலகை மேடையைக் காணோம், கண்ணாடிப் பாட்டில்களெல்லாம் தரையில் வரிசையாக நின்றன. ரொட்டிக்கடைக்காரர் வீட்டில் பின்கட்டுக் கதவைக் காணோம். வட்டாட்சியர் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் வீட்டில் கூரை உத்தரம் ஒன்று போய், மெத்தை அறை ஒரு சாண் தாழ்ந்திருந்தது. இப்படி அறுபது எழுபது வீடுகளில், ஆட்டுக்கல், நிலை, ஏணி, உறி, தொட்டில் கொக்கி. எல்லாம் இப்போது வடம்பிடித் தெருவில் அதது இருந்த இடத்தில் இருந்தன. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அந்தத் தெருவை இடித்துப் போட்ட வாரத்தில், கிடக்கிறதுதானே, மழையில் நனைந்து வீணாவதற்கு நம் வீட்டில் இருக்கட்டுமே என்று ஆளுக்கொன்றாக எடுத்து வந்த சாமான்கள். பிரகாசியின் அம்மி பிறகு யாரிடமோ விலைக்கு வாங்கியது. அதற்கு அதெல்லாம் தெரியவில்லை, அதுவும் போய்விட்டது. காவல் நிலையத்துக்கு ஒரு புகார்கூட வரவில்லை. சேகு நயினா ஒரு கடப்பைக் கல்லை வாங்கிப் போட்டுக் கடையை நடத்தினார். ஐம்பது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் அந்தத் தெருவில் இருந்தவர்களை நினைவிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சந்தியாகு வாய் திறக்காததற்குக் காரணம் வேறு.

லாரி வருவதற்கு முன்னால், சரக்குத் தோணிகளைக் கரையில் நடந்தபடியே வடம் கட்டி இழுத்துப் போகிறவர்கள் அந்தத் தெருவில் இருந்தார்கள். தோளில் வடம் பதிந்த தழும்போடு ஆணும் பெண்ணுமாக இழுப்பார்கள். சரக்குத் தோணி நின்றுபோன பிறகு அந்த இடத்தில் கிடங்குகள் கட்டுவதென்று தீர்மானம் ஆனது. குடியிருப்பவர்களின் பேர்களை எழுதிக் கொடுத்தால் அவர்களுக்கு மேட்டுப்பக்கம் மனை கிடைக்கும். அந்த வேலையைச் செய்ய அனுப்பப்பட்டவர் இருபத்து நாலு வயது சந்தியாகு. மூன்று நாள் போனார். பதினேழு வீட்டிலும் உட்காரவைத்தார்கள், பதினேழு வீட்டிலும் சாப்பிடச் சொன்னார்கள், மூன்றாவது வீட்டு அக்கா பொன்னுருவி, அரியமுத்துவின் பெண்சாதி, கெண்டை மீன் குழம்பை இரண்டாம் தரமும் கேட்காமலே ஊற்றினாள். எல்லாப் பேரையும், பிள்ளைகள் பேர் உட்பட, ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில், ஒரு மீன்பிடித் தோணி பாலத்தடியில் நுழைந்து மறுபக்கம் வெளிப்படுகிற அழகைப் பார்க்க வெற்றிலைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்தபோது, கக்கத்திலிருந்து நோட்டு நழுவித் தண்ணீரில் விழுந்தது.

திரும்பிப் போய்க் கேட்டிருக்கலாம். நூறு எட்டுக்கூட இல்லை. ஆனால் பதினேழு வீட்டிலும் தின்றுவிட்டு, போய் நின்று, 'உங்க பேரையெல்லாம் தண்ணியில போட்டுட்டேன்' என்று எப்படிச் சொல்வது? அவர்கள் திட்டமாட்டார்கள். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பை நினைத்ததும் அவருக்குக் காது சூடேறிவிட்டது. நாளைக்குப் போகலாம் என்று வந்தார், நாளைக்கும் அப்படியே. கடைசி நாள் வந்ததும், 'பாழ்மேடு; மனிதக் குடியிருப்பு ஏதும் இல்லை' என்று ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், பிறகு சரிசெய்துகொள்ளலாம் என்று நினைத்தார், இரண்டு வாரம் லீவு போட்டு அம்மா ஊருக்குப் போனார். வந்தபோது வெறும் மண் இருந்தது. யாரும் அவரை ஏன் என்று கேட்கவில்லை. அவர் செய்ததற்கு ஒருவரும் லஞ்சம் தரவில்லை, ஒருவரும் மிரட்டவில்லை. வெட்கத்துக்குப் பயந்து செய்த காரியம். அதை வெளியே சொல்வது, லஞ்சம் வாங்கினேன் என்று சொல்வதைவிடக் கேவலமாக இருந்தது.

மாசி பிறந்ததும் வார்டு உறுப்பினர் தமயந்தி அவர் வீட்டுக்கு வந்தாள். சின்ன வயசுக்காரி, சந்தியாகுவிடம் மரியாதை உள்ளவள்.

"சார், பதினேழு வீட்டுக்கும் உரிமைக்காரங்க யாருன்னு பதிவறையில தேடினோம். ஒரே ஒரு தாள்தான் கெடைச்சது. பாருங்க, உங்க கையெழுத்து." பழுப்பேறிய அந்த ஒற்றை வரியை அவர் முன்னால் நீட்டினாள். "யாருமே குடியிருக்கலைன்னா, தெருவ ஒரு விடுதிக்காரங்களுக்கு விட்டுடலாம்னு இருக்காங்க. பழைய மாதிரியே வச்சு, தங்க வர்றவங்களுக்கு அறையா ஆக்குவாங்களாம். உங்க நடைக்கும் நல்லதுதானே? நீங்க ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போதும்."

சந்தியாகு தாளைப் பார்த்தார். எழுத்து அழகாக இருந்தது. அடுப்படியில் பிரகாசி பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றது.

"ஆமாம்மா" என்றார். "யாரும் இல்ல. உப்புக் கிடங்கா இருந்திருக்கும்."

அவள் நன்றி சொல்லிப் போனாள். பிரகாசி வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

"உப்புக் கிடங்குல எதுக்கு அடுப்பு?" என்றாள்.

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு போடும்போது போதுமா என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஒருதரம் சொன்ன பொய்க்கு நாற்பது வயசாகிவிட்டது, அது தானாக நடமாடும். இரண்டாம் தரம் சொன்ன பொய்யை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரியவேண்டியிருந்தது. முதல் வாரங்களில் அவர் நடையைத் திருப்பி, வடம்பிடித் தெருவைத் தொடாமல் கோட்டைக் கால்வாய் வழியாகக் கொண்டுபோனார். வந்தவர்களோ அந்தத் தெருவுக்காகவே வந்தவர்கள். கேட்டுக் கேட்டு இழுத்தார்கள். கடைசியில் போனார். உப்புக் கிடங்கு என்றார். காவல்காரர்கள் இராத்தங்கிச் சமைத்ததால் அடுப்பு என்றார். பொய் சொல்லச் சொல்ல அவர் பேச்சு இன்னும் அழகாகிக்கொண்டே போனது, கேட்டவர்கள் போனில் பதிந்துகொண்டார்கள், அவருக்கு மட்டும் ஒவ்வொரு வாசலைக் கடக்கும்போதும் உள்ளே யாரோ சாப்பாட்டுத் தட்டை எடுத்து வைப்பதுபோல இருந்தது.

பங்குனி மாதத்து முதல் சனிக்கிழமை பதினொரு பேர் வந்திருந்தார்கள். பூட்டுப் பாலத்தில் பன்னிரண்டாவதாக ஒரு கிழவி சேர்ந்துகொண்டாள். செருப்பைக் கையில் பிடித்திருந்தாள், வெளுத்த நூல் புடவை, யாரோ ஒருவரின் அம்மாவாக இருக்கும் என்று சந்தியாகு நினைத்தார். அவள் எல்லோருக்கும் பின்னால் நடந்தாள். மூன்றாம் பாலத்தடியில் எல்லோரும் செருமியபோது அவளும் செருமினாள். ஏழேகால் வெயில் மச்சில் நெளிந்தபோது அவளும் அண்ணாந்து பார்த்தாள். வடம்பிடித் தெருவுக்கு வந்து, சந்தியாகு நின்று, கையை விரித்து, "இது நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தின உப்புக் கிடங்கு வரிசை. குடும்பங்கள் இருந்ததில்ல..." என்று சொல்லிக்கொண்டிருக்கையில், அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மூன்றாவது வீட்டுக்குள் போனாள்.

நிலையில் தானாகக் குனிந்தாள். முந்தானையை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு உலைப்பானையை இறக்கினாள். "சோறு குழையுது பாரு" என்று தனக்குத்தானே சொன்னாள். மூலையில் சாய்ந்திருந்த தட்டை எடுத்துப் பானை வாயில் வைத்துச் சாய்த்துக் கஞ்சி வடித்தாள். எரிந்துகொண்டிருந்த விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். அறுபது நாளாக எரிந்த அந்த அடுப்பு, சுர்ரென்று ஒரு சத்தத்தோடு அணைந்தது.

பதினொரு பேரும் வாசலில் நின்று பார்த்தார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, சந்தியாகுவைப் பார்த்து, கோபமில்லாமல், சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஐயா, நீங்க படிச்சவரு. உப்புக் கெடங்குன்னீங்க. உப்பு வச்ச சுவரு இப்படியா இருக்கும்? அரிச்சுப் போயிருக்காதா? நான் உப்பளத்துலதான் நாப்பது வருஷமா இருக்கேன்."

அவர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். அவளுக்கு அவரைத் தெரியவில்லை.

"நீங்க யாரும்மா?" என்று கூட்டத்தில் ஒரு பெண் கேட்டாள்.

"இந்த வீட்டுக்காரி. மீன் விக்கிறவ ஒருத்தி சொன்னா, உங்க தெரு வந்துடுச்சாம்னு. யாரைப் போய்க் கேக்குறது, நம்மள உள்ள விடுவாங்களோ என்னமோ, ஊரைச் சுத்திக் காட்டுறாங்களாமே, அதுல சேந்து போயிடலாம்னு வந்தேன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். சந்தியாகு சொல்லவில்லை. "நேரமாகுது, வாங்க" என்று கூட்டத்தை நடத்திக்கொண்டு வெற்றிலைப் பாலத்துக்குப் போனார். அங்கிருந்து கோட்டைக் கால்வாய்க்கும், அங்கிருந்து கல்லறைத் தோப்புக்கும் போனார், ஒல்லாந்துக்காரன் கல்லறையில் செதுக்கிய கப்பலைக் காட்டினார், நடையை முழுசாக முடித்தார். யாரும் கேள்வி கேட்கவில்லை. யாரும் போனில் பதியவும் இல்லை. கடைசியில் தொடங்கின இடத்துக்கே வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. கலைந்து போகும்போது ஒரு வயதான மனிதர் மட்டும் அவர் தோளில் கை வைத்து, பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு அவர் திரும்பி நடந்தார். அந்த நூறு எட்டுக்கு நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

பொன்னுருவி வாசலில் உட்கார்ந்து சோற்றை ஆறவைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கய்யா" என்றாள். "இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. நானே எம்புட்டுத் திங்கப்போறேன்?"

"அக்கா" என்றார் சந்தியாகு. வெள்ளைத் தலையோடு அக்கா என்று கூப்பிட்டவரை அவள் ஏறிட்டுப் பார்த்தாள். "நான்தான் அக்கா, பேர் எழுத வந்த பையன். நகராட்சியிலேர்ந்து."

அவள் கண்ணைச் சுருக்கி வெகுநேரம் பார்த்தாள்.

"கெண்டை மீனு ரெண்டாம் தரம் ஊத்திக்கிட்ட தம்பியா? அட, இப்படி நரைச்சுப் போயிட்டியே!" என்று அவள் முகமெல்லாம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியைத் தாங்கிக்கொண்டு நிற்பது அவருக்கு அடி வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது. உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். நோட்டு விழுந்ததைச் சொன்னார், தோணியைச் சொன்னார், வெட்கத்தைச் சொன்னார், ஒற்றை வரியைச் சொன்னார், போன மாதம் தமயந்தியிடம் மறுபடி சொன்ன பொய்யையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, அவள் எழுந்து சோற்றுப் பானையைத் தன்மேல் கொட்டினால் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று நின்றார்.

சோற்றில் இருந்த அவள் கை அப்படியே இருந்தது.

"அப்போ," என்றாள், "எங்க வீட்டுக்காரரு பேசுனதால இல்லையா?"

"அவர் என்னக்கா பேசினாரு?"

"நீ கெளம்பறப்போ, 'எழுதி எழுதி என்னத்தக் கிழிக்கப் போறீங்க, எங்களத் தொரத்தத்தான போறீங்க'ன்னு அவரு கேக்கல? உன் மூஞ்சி சுருங்கிப் போச்சு. நான் பாத்தேன்."

அரியமுத்து அப்படிக் கேட்டதாகச் சந்தியாகுவுக்கு நினைவே இல்லை. எவ்வளவோ யோசித்தும் நினைவில்லை. நினைவில்லை என்று சொன்னார்.

"அதனாலதான் நீ கோவிச்சுக்கிட்டு எழுதாம விட்டேன்னு நெனச்சேன்" என்றாள் பொன்னுருவி. "நான் மட்டுமா, தெருவே நெனச்சுது. உப்பளத்துல குடிசை போட்டோம். ஒழுகும். மழை பெய்ற ஒவ்வொரு தரமும் சொல்லுவேன், உன் வாயாலதான்யா, உன் வாயாலதான்னு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு போனப்பவும் அதத்தான் சொன்னேன். முப்பத்து நாலு வருஷம் சொன்னேன் தம்பி. அவரு ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. போகப் போக யாருகிட்டயும் பேசுறதையே விட்டுட்டாரு. சாகுறப்போ என் கையப் புடிச்சுக்கிட்டு, 'நான் அன்னிக்கி சும்மா இருந்திருக்கலாம், பொன்னு'ன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு."

அவள் முகத்தைப் புடவையால் மூடிக்கொண்டாள். சந்தியாகு அதுவரை தன் வெட்கம் தன்னுடையது மட்டும் என்று எண்ணியிருந்தார். அது இத்தனை வருஷமும் ஒரு குடிசைக்குள் இன்னொருவர் பேரில் குடியிருந்திருக்கிறது. இப்போது அதை எடுத்து இவள் மடியில் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. அவள் திட்டவில்லை. அவரைவிட வெட்கப்பட்டு உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை சந்தியாகு நகராட்சிக்குப் போய்த் தமயந்தியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் ஒரு நோட்டையும் பேனாவையும் எடுத்து முன்னால் வைத்துக்கொண்டாள். பிறகு, சார் என்று கூப்பிடாமல், "பேரெல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று கேட்டாள்.

"உக்காந்து கேட்டா வராதும்மா. நடந்தா வரும்."

இருவரும் நடந்தார்கள். முதல் வாசலில் நின்றதும் முதல் வீட்டுப் பேர்கள் வந்தன. இரண்டாம் வாசலில் இரண்டாம் வீட்டார், பிள்ளைகள் உட்பட, நொண்டி ஆட்டின் பேர் உட்பட. பதினேழு வாசலிலும் அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். டீக்கடையிலிருந்து சேகு நயினா வந்து பார்த்தார், ரொட்டிக்கடைக்காரர் வந்தார், கடைவீதியே வந்து எதிர்க்கரையில் நின்றது. ஒன்பதாம் வீட்டில் அவர் ஒரு பேருக்குத் தடுமாறியபோது, சேகு நயினா எதிர்க்கரையிலிருந்து, தலையைக் குனிந்துகொண்டே, "முனியங்கா. மூத்த மருமக பேரு முனியங்கா" என்று குரல் கொடுத்தார். அதற்குப் பிறகு அங்கங்கேயிருந்து குரல்கள் வந்தன. இவர்களுக்கெல்லாம் எல்லாம் தெரிந்தேயிருந்தது.

சித்திரைக்குள் பதினோரு வீட்டுக்கு ஆள் வந்தது; கிழவர்கள், கிழவர்களின் பிள்ளைகள், கைக்குழந்தையோடு பேரப்பிள்ளைகள். வந்தவர்கள் ஒவ்வொருவராக உலையை இறக்கினார்கள். ஆறு அடுப்புகள் ஆள் வராமல் இன்றைக்கும் எரிகின்றன. ஊரில் யாரும் சந்தியாகுவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க யாருக்கும் வாயில்லை. எதிரில் வந்தால் அவர் இவர்களைப் பார்க்காமல் போனார், இவர்கள் அவரைப் பார்க்காமல் போனார்கள், குறுகலான பாலங்களில் மட்டும் சங்கடமாக ஒதுங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். பிரகாசி மட்டும் ஒருநாள் சோறு போடும்போது போதுமா என்று கேட்டாள். அவர் தட்டின்மேல் குனிந்துகொண்டு அழுதார்.

வைகாசியில் ஒரு காலை பொன்னுருவி அவர் வாசலில் வந்து நின்றாள். அவர் பேர்களைச் சொல்லி எழுதவைத்த பிறகும் அவள் அவரோடு பேசியதில்லை.

"வா, போவோம்" என்றாள்.

"எங்கக்கா?"

"அவரப் பொதைச்ச எடத்துக்கு. நான் போய்ச் சொல்லிப் பாத்தேன். எனக்கு வாய் வரல. நான் சொன்னா நம்பவும் மாட்டாரு. நீ வந்து சொல்லு."

"பஸ் ஒன்பது மணிக்கு இருக்கு."

"அவரு வடம் இழுத்த கரை இருக்கு" என்றாள் அவள்.

தெற்குக் கால்வாயின் கரையோடு நடந்தார்கள். இத்தனை வருஷம் ஊரை நடந்து காட்டியவர் அந்தக் கரையில் கால் வைத்ததில்லை. வடம் உராய்ந்து உராய்ந்து வளைவுகளில் இருந்த கல்லெல்லாம் வரிவரியாகத் தேய்ந்திருந்தது. ஒரு கல்லில் விரல் வைத்தால் விரல் முழுக்க உள்ளே போனது. தாழை பூத்திருந்தது. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டிருந்தன. அவருக்கு அந்த வழி அழகாக இருந்தது, அது அழகாக இருப்பதற்காக வெட்கப்பட்டார். அவள் முன்னால் நடந்தாள், உடம்பைச் சற்று முன்சாய்த்து, தோளில் இல்லாத ஒன்றை இழுக்கிறவள் மாதிரி. ஒருதரமும் திரும்பவில்லை. உச்சிப் பொழுதுக்கு உப்பு மேடுகள் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அவற்றுக்குப் பின்னால், எருக்கஞ்செடிகளுக்கு நடுவே, ஒரு நீளமான மண்மேடு.

சந்தியாகு செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் அதன் தலைமாட்டில் உட்கார்ந்தார். காற்று பலமாக வீசியது. வழியெல்லாம் மனசுக்குள் கோத்துவைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றும் மிஞ்சவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"அண்ணே..." என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

பொன்னுருவி பின்னால் வந்து நின்றாள்.

"சத்தமாச் சொல்லு தம்பி" என்றாள். "அவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."